போர்வைக்குள் மிச்சமிருந்த சூடு

என் வீட்டுக்காரர் வாயில் 'சுமார்' என்ற சொல் வராது. கல்யாணமான புதிதில் ஒருநாள், குளிக்கத் தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று கேட்டேன். மற்ற மனிதர்கள் என்ன செய்வார்கள்? விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஆச்சு என்பார்கள், ஆகலை என்பார்கள். இவர் பையைத் திறந்தார். நுனியில் மெல்லிய கம்பி வைத்த ஒரு கருவியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, "பொறு," என்றார். நான் தோளில் துண்டோடு நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில், "முப்பத்தொன்பது புள்ளி நாலு," என்றார்.

"அப்ப குளிக்கலாமா, வேணாமா?"

"அது உன் இஷ்டம். நான் வெப்பநிலையத்தான் சொல்ல முடியும்."

இந்த ஆளோடு குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய வேலையே அதுதான். ஆஸ்பத்திரி, மருந்துக் கிடங்கு, பால் பண்ணை என்று எங்கெங்கோ இருந்து வரும் வெப்பமானிகளைச் சரிபார்த்து, இது நிஜம் சொல்கிறது, இது பொய் சொல்கிறது என்று தீர்ப்பு எழுதி அனுப்புவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தசமம்'. பொருத்தமான பெயர். எனக்கு அவர்கள் மேல் பொறாமை, முதலில் எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று.

நானும் அளக்கிறவள்தான். வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம் போட்டு ரவிக்கையும் சட்டையும் தைக்கிறேன். ஆனால் நான் அளந்த இடத்திலேயே கத்திரியை வைக்க மாட்டேன். தையலுக்கு விட்டுத்தான் வெட்டுவேன். உடம்பு நாளைக்கே கொஞ்சம் பூரிக்கும், இளைக்கும், மனுஷ உடம்புதானே. இவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கல்யாண வீட்டில் யாராவது "இன்னைக்கு என்ன வெயில், நாப்பது இருக்கும்ல?" என்று பேச்சுக்குக் கேட்டால்கூட, "இல்ல, முப்பத்தாறு புள்ளி ரெண்டு" என்று சொல்லி அந்தப் பேச்சைச் சாகடித்துவிடுவார். பொய் சொல்லத் தெரியாது என்று சிலரைப் பெருமையாகச் சொல்வார்கள். இவரோடு இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய ஊனம் என்று தெரியும்.

இவருக்கு ஒரே அக்கா. எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியின் கணவரை இவர் மாமா என்பார், எனக்கு அவர் அண்ணன் முறை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் இருந்தார்கள். ஒரே மகள், கட்டிக்கொடுத்துக் கடல் கடந்து போய்விட்டாள். அண்ணன் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினவர். என்ஜின் சூடு இடது காலை வேகவைக்க, அங்கேயே உட்கார்ந்து தலை நரைத்தவர். அண்ணியோ மீன் பதப்படுத்தும் கிடங்கில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே நின்று பெட்டி கட்டினவள். இரண்டு பேரும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. அவருக்கு இனி மிச்ச நாளாவது குளுகுளுவென்று கிடக்க வேண்டும். இவளுக்கு இனி ஒரு நாள்கூடக் குளிரக் கூடாது. நடுவில் படுக்கையறைச் சுவரில் ஓர் ஏசி.

அந்த ஏசியின் ரிமோட்டுக்காக அவர்கள் போட்ட சண்டையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணன் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார். அண்ணி பேட்டரியைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவில் போட்டுவிடுவாள். ஒருநாள் வார்த்தை தடித்துவிட்டது. "நான் காலம்பூரா ஐஸ்ல நின்னவ, வீட்லயும் நிக்கணுமா?" என்று இவள் கேட்க, "அப்ப அந்த ஐஸையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே" என்று அவர் சொல்ல, "ஐஸாவது கொஞ்ச நேரத்துல கரையும், நீங்க கல்லு" என்று இவள் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையணையை இடுக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டாள். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாதுதான். ஆனால் கல் என்று சொன்னது அவருக்குச் சுட்டுவிட்டது. அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, குடித்தனம் நிற்கவில்லை. சமைத்து மேசைமேல் வைப்பாள், அவர் வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். அவசரம் என்றால் அண்ணி எனக்கு போன் செய்வாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, ரத்த அழுத்த மாத்திரை தீந்துடுச்சுன்னு." நான் அவருக்கு போன் செய்வேன். மணி அடுத்த அறையில் அடிப்பது அண்ணிக்கே கேட்கும். "தெரியும்னு சொல்லு" என்பார். வயதான காலத்தில் இதுகளுக்கு என்ன கிறுக்கு என்று நானும் இவரும் சிரித்துக்கொள்வோம். ஆறப்போட்டால் சரியாகிவிடும் என்றுதான் இருந்தோம்.

அது ஒரு வார விடுமுறை நாள். சாயங்கால வெயிலில் நடந்து, நானும் இவரும் அங்கே போனோம். அண்ணி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நல்ல புடவை கட்டியிருந்தாள், தலையைப் படிய வாரியிருந்தாள்.

"எங்க அண்ணன்?" என்றேன்.

"உள்ளதான். மத்தியானம் சாப்பிடக்கூட வெளிய வரல. முறுக்கிட்டு இருக்காரு," என்றாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நீ போய் எழுப்பும்மா. நான் எழுப்பினா நல்லா இருக்காது," என்றாள்.

கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சுவர்ப்பக்கம் ஒருக்களித்து, கழுத்துவரை போர்வையோடு படுத்திருந்தார். "அண்ணே" என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். அந்தக் குளிர் என் கையை விட்டுப் போகப் பல நாள் ஆயிற்று.

நான் போட்ட சத்தத்தில் அண்ணி ஓடிவந்தாள். ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை. போர்வைக்குள் கையை விட்டு அவர் நெஞ்சில் வைத்தாள். வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "சூடா இருக்காருடி! நீ என்னமோ கத்துற, சூடாத்தான் இருக்காரு!" என்றாள். "டேய், வாடா, மாமாவ எழுப்புடா!"

இவர் வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். விரலை எடுக்கவே இல்லை. எதையும் பொறுத்துப் பார்க்கிற மனுஷன், அன்றைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

பக்கத்துத் தெரு டாக்டரம்மா வந்தார். பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார். சில மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். அண்ணி அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எப்ப?" என்று கேட்டாள்.

"அதச் சரியாச் சொல்ல முடியாதும்மா."

"காலையில நான் கடைக்குப் போறப்போ வாசல்ல நின்னு பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு. மத்தியானம் திரும்பி வந்தேன். அப்ப உயிரோட இருந்தாரா?"

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இந்த விஷயத்துல யாராவது நேரத்தச் சொன்னா, அது ஊகந்தாம்மா." டாக்டரம்மா அண்ணியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மனுஷி. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

அண்ணி தம்பியைப் பார்த்தாள். "நீ சொல்லுடா. ஊருக்கெல்லாம் சூடு அளந்து சொல்றியே. எங்க வீட்டுக்குச் சொல்ல மாட்டியா?"

இவர் என்னைப் பார்த்தார். டாக்டரம்மா, "பார்க்கணும்னா பாருங்க, தப்பில்ல," என்றார். இவர் எப்போதும் தோளில் தொங்கும் பையிலிருந்து அந்தக் கம்பிக் கருவியை எடுத்தார். அண்ணனின் கையை மெல்லத் தூக்கி, "கொஞ்சம் இருங்க மாமா," என்று அனுமதி கேட்பதுபோல் சொல்லிவிட்டு, கம்பியை அக்குளில் வைத்துக் கையைப் பழையபடி படிய வைத்து, போர்வையையும் இழுத்துவிட்டார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் பொறு, பொறு என்று சொல்வதற்கு என்ன காரணம் என்று எனக்கு ஆயிரம் தரம் விளக்கியிருக்கிறார். வெப்பமானி எப்போதும் தன்னுடைய சூட்டைத்தான் சொல்லுமாம். அடுத்ததன் சூடு அதற்குத் தெரியாது. இரண்டும் ஒட்டி இருந்து, இதிலிருந்து அதற்குச் சூடு போய், போகிறது நின்று, இரண்டும் ஒன்றாகும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது அது தன்னைப் பற்றிச் சொல்வது மற்றதைப் பற்றியும் உண்மையாகிவிடும். எத்தனையோ தரம் இதைக் கொட்டாவியோடு கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில், அண்ணனின் உடம்பும் அந்தச் சின்னக் கம்பியும் ஒன்றாகட்டும் என்று நாங்கள் நாலு பேரும் மூச்சு விடாமல் காத்திருந்தோம்.

முப்பத்திரண்டு புள்ளி ஆறு.

பிறகு அறையை அளந்தார். ரிமோட்டில் இருபத்திரண்டு என்று இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து. ரிமோட்டில் இருப்பது நம்முடைய ஆசை, அறையில் இருப்பதுதான் வெப்பநிலை என்று இவர் அடிக்கடி சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை.

"இப்பவே சொல்ல முடியலக்கா," என்றார். "கணக்குப் பாக்கணும்."

"பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் நான் நம்புவேன்."

வெளியே வந்தபோது நான் கேட்டேன், "நான் தொட்டப்போ ஜில்லுன்னு இருந்துச்சே, அண்ணி எப்படிச் சூடுன்னாங்க?"

"ரெண்டு பேருமே பொய் சொல்லல," என்றார். "நீ வெயில்லேர்ந்து வந்து நெத்தியத் தொட்ட. அக்கா பச்சத் தண்ணியில கை வெச்சுட்டு வந்து போர்வைக்குள்ள தொட்டா. கை வெப்பநிலைய அளக்காது. சூடு நம்மகிட்ட வருதா, நம்மகிட்டேர்ந்து போகுதான்னு மட்டும்தான் சொல்லும்." சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். மாமாதான் அவருக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

மகள் விமானம் பிடித்து வந்தாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடித்துத் திரும்பினோம். வந்தவர்கள் எல்லாரும் அண்ணியிடம் ஒன்றையே சொன்னார்கள். "உன் கையில என்ன இருக்கு? நீ வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். நீ கதவத் திறந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." அண்ணி தினமும் தம்பிக்கு போன் செய்து, "பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கடையிலிருந்து வந்தவுடன் வீம்பு பார்க்காமல் கதவைத் திறந்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பாரோ என்பதுதான் அவளை அரிக்கிறது என்று நினைத்தோம். வேறு என்னவாக இருக்க முடியும்? மகள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, அண்ணி அந்த அறையிலேயே படுக்க ஆரம்பித்தாள். ஏசியை அவர் வைத்திருந்தபடியே ஓடவிட்டு, இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு படுக்கிறாள் என்று, வீடியோவில் பார்த்த மகள் எனக்கு போனில் சொல்லி அழுதாள். தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். ரவிக்கை தைக்கிறவள் உடம்பைத்தான் அளப்பாள், உள்ளே இருப்பதை எங்கே அளந்தாள்.

இவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வேலைக்குப் போனவர் நேரத்துக்குத் திரும்புவதும் இல்லை. ஒருநாள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானே அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். இரட்டைக் கதவு போட்ட குளிர்ந்த அறை. நீள மேசைமேல் பெரிய வாய் வைத்த குடுவைகளில் இடித்த ஐஸ் நிறைத்து, அதற்குள் வரிசையாக வெப்பமானிகளைக் குத்திவைத்திருந்தது. உருகும் ஐஸ்தான் அவர்களுக்குப் பூஜ்யம். ஐஸ் அடிவரைக்கும் இறுகி இருக்க வேண்டும், மேலே மட்டும் மிதந்தால் அடித்தண்ணீர் நாலு டிகிரியில் நின்றுகொண்டு ஆளை ஏமாற்றும் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் இவர் தொண்டை வறளச் சொல்வார்.

இவரை மேசையில் காணவில்லை. பக்கத்து அறையில் எடைக்கற்களைச் சரிபார்க்கும் மனிதர் ஒருவர் உண்டு. வேடிக்கையாகப் பேசுவார். அன்றைக்கு வேடிக்கை பேசாமல், கோடியில் இருந்த ஓர் அறையைக் கையால் காட்டினார். "தசமத்துக்கு நீங்களாவது சொல்லுங்கம்மா. மூணாவது தடவையா பண்றாரு," என்றார்.

உள்ளே ஒரு கட்டில் போட்டிருந்தது. கட்டிலில் யாரோ சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் போய் வந்தது. ஆள் இல்லை. வெந்நீர் நிரப்பின ரப்பர்ப் பைகள். அண்ணனின் எடைக்குச் சரியாக அடுக்கி, ஒரு பழைய சட்டையும் மாட்டி, மேலே அண்ணனுடைய அதே போர்வையைப் போர்த்தியிருந்தார். மகள் ஊருக்குத் திரும்பும் முன்பே அவளிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அதற்குள்ளிருந்து கம்பிகள் வெளியே வந்தன. இவர் முக்காலியில் உட்கார்ந்து அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"என்னங்க இது?"

"ஆறட்டும்னு பாக்கறேன்," என்றார்.

முகத்தைக் கழுவச் சொல்லி, சாப்பாட்டைப் பிரித்து வைத்தேன். பிசைந்துகொண்டே பேசினார். "ஒரு டம்ளர் டீய ஊத்தி வெச்சா, முதல்ல கிடுகிடுன்னு ஆறும். அப்புறம் அறையோட சூட்டுக்குக் கிட்ட வரவர மெதுவாத்தான் ஆறும். வித்தியாசம் குறைஞ்சா வேகமும் குறையும். அது கணக்கு. ஆனா மாமா டம்ளர் டீ இல்லையே. போர்வை இறுக்கி இருந்தா ஒரு நேரம் வருது, கொஞ்சம் தளர்ந்திருந்தா வேற நேரம் வருது. அக்கா கடையிலேர்ந்து வந்த நேரம் ரெண்டுக்கும் நட்ட நடுவுல நிக்குது."

"அப்ப?"

"அன்னைக்குக் காலையில அவருக்கு லேசா ஜுரம் இருந்துச்சான்னுகூட நமக்குத் தெரியாது. எந்தச் சூட்டுலேர்ந்து ஆற ஆரம்பிச்சாருன்னு தெரியாம, எவ்வளவு நேரமா ஆறினாருன்னு எப்படிச் சொல்றது?" சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "கூடப் பேசிட்டு இருந்திருந்தா அக்காவுக்கு அது தெரிஞ்சிருக்கும்."

அந்த மூட்டையை மறுபடி திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண்ணின் தூக்கம் திரும்பி வர வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் ரப்பர்ப் பைகளுக்குச் சட்டை மாட்டி உட்கார்ந்திருக்கிறான். இவரை இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினதற்கெல்லாம் அந்த ஒரு நிமிஷம் வெட்கப்பட்டேன். அதற்காகப் பிறகு கிண்டல் பண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன்.

திரும்பும்போது பேருந்தில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அக்காகிட்ட முன்னாடியேன்னு சொல்லிடப் போறேன்," என்றார்.

"என்ன முன்னாடியே?"

"அவ வீட்டுக்குத் திரும்பறதுக்கு முன்னாடியே மாமா போயிட்டாருன்னு. ரொம்ப முன்னாடின்னு."

"அது நிஜமா?"

"நிஜமாவும் இருக்கலாம்," என்றார். இருக்கலாம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டு நான் அசந்துபோனேன். ஒரு தசமத்தைக்கூட விட்டுக்கொடுக்காத ஆள், அக்காவுக்காக மணிக்கணக்கை விட்டுக்கொடுக்கத் துணிந்துவிட்டார். கடைசியில் இவருக்கும் தையலுக்கு விட்டு வெட்டத் தெரிந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேருந்தில் அத்தனை பேருக்கு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட நான் அப்படிச் செய்ததில்லை.

மறுநாள் காலையிலேயே அண்ணி வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவள் தம்பியின் முகத்தைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். தண்ணீர்கூடக் கொடுக்காமல், "கணக்குப் பாத்துட்டியா?" என்றாள்.

"பாத்துட்டேன்க்கா. உக்காரு."

உட்கார்ந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் நின்றுகொண்டே சொன்னார். போர்வையைச் சொன்னார், அறையின் சூட்டைச் சொன்னார், மூன்று தரம் செய்து பார்த்ததைச் சொன்னார். எல்லாம் நிஜம். நிஜத்தையெல்லாம் முதலில் அடுக்கிவிட்டு, பொய்யைக் கடைசியில் வைத்தார். "நீ வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சுக்கா. நீ கதவத் திறந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"கொஞ்சம் முன்னாடியா?"

பொய் சொல்லிப் பழக்கம் இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பார். இவருக்கு அளவு தெரியவில்லை. "கொஞ்சம் இல்ல. ரொம்ப முன்னாடி. நீ கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பியோ என்னமோ, அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்," என்றார்.

என் கைக்குள் இருந்த அண்ணியின் கை தளர்ந்தது. பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்காது," என்றாள்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எப்ப பேசினீங்க அண்ணி?"

"அன்னைக்குத்தான். கடையிலேர்ந்து வந்து, பையக் கீழ வெச்சுட்டு, நேரா கதவுகிட்டப் போனேன். வழி பூரா அதான் நினைச்சுட்டு வந்தேன். முகத்தப் பாத்தா எனக்குச் சொல்ல வராது, அதனால சாத்தின கதவுகிட்டயே நின்னு சொன்னேன். கல்லுன்னு சொன்னது தப்புன்னு சொன்னேன். ஏசிய உங்க இஷ்டப்படியே வெச்சுக்கங்க, நான் இன்னொரு போர்வை போத்திக்கிறேன், இன்னைக்கு ராத்திரி உள்ள வந்து படுத்துக்கிறேன்னு சொன்னேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தாள். "பதில் வரல. வீம்பு பண்றாரு, கேட்டுட்டுச் சிரிச்சுட்டுத் திரும்பிப் படுத்திருப்பாருன்னு நினைச்சேன். அதக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடியிருப்பாருன்னு இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். எல்லாரும் முன்னாடியே போயிட்டாரு, முன்னாடியே போயிட்டாருன்னு சொன்னாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், என் தம்பி அளந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

நான் இவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. அவர் தரையில் அக்காவின் காலடியில் உட்கார்ந்தார்.

"அக்கா, இல்லக்கா. நான் சொன்னது சரியில்ல. நீ வந்தப்போ உயிரோட இருந்திருக்கலாம். பாதிக்குப் பாதி இருக்குக்கா. போர்வை இறுக்கியிருந்தாத்தான் முன்னாடி வருது, தளர்ந்திருந்தா நீ வந்ததுக்கு அப்புறம்தான் வருது. உனக்கு மனசு ஆறணும்னுதான் அப்படிச் சொன்னேன். நிஜமா அவருக்குக் கேட்டிருக்கலாம்."

அண்ணி அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். சின்ன வயதில் அப்படித்தான் தடவிக்கொடுத்திருப்பாள்.

"எனக்காக இப்பப் பொய் சொல்லாதடா," என்றாள். "உனக்கு அது வராது."